அதுல நான் இல்லை மாமா

போன மாதம் தர்மபுரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் ஒரு நபர் விசாரணைக் கமிஷனாக நியமிக்கப்பட்டுவிட்டேன்.

“உன் மருமக ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனைப் பார்த்து அழுவுறாடா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. பையன் யாரு என்னன்னு நீயே கேளு. உன்கிட்டன்னா சொல்லுவா.”

அக்காவின் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. தர்மபுரியில் காலேஜ் போகும் பெண்ணை வைத்திருக்கும் வீட்டில் இந்தப் பயத்துக்குத் தேதியே உண்டு. 2012 நவம்பர் 7. நாய்க்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. சாதி தாண்டி ஒரு கல்யாணம் நடந்தது. பெண்ணின் அப்பா இறந்து போனார். அன்று ஒரே நாளில் தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள், நொறுக்கினார்கள். எட்டு மாதம் கழித்து, 2013 ஜூலை 4 அன்று, அந்தப் பையனின் உடல் அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்து ஓரம் கிடந்தது. அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பெங்களூர் ரயில் போகிற சத்தம் கேட்கும். ‘லவ்’ என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

மாடியில் புளி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து போனோடு உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்து. கமிஷன் நேரடியாகக் கேட்டது: “யாரும்மா அந்தப் பையன்?”

“எந்தப் பையன் மாமா? ரெண்டு பேரு இருக்காங்களே.”

எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்றது. அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரம். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் மாடிப்படியில் ஒரு கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான். கிட்டாரின் தந்தி அறுந்திருக்கிறது. எதிரே இன்னொரு பையன் நின்று பார்க்கிறான்.

அந்தக் கதையின் பெயர் ‘கிவன்’. நட்சுகி கிசு என்பவர் 2013 முதல் 2023 வரை வரைந்த ஜப்பானியக் காமிக்ஸ். 2019-ல் அனிமேஷன் தொடராகவும் வந்தது. தூங்குகிற பையன் மாஃபுயு. நின்று பார்ப்பவன் உயெனோயாமா; அவன் தந்தி மாட்டித் தருகிறான். அந்தக் கிட்டார் யாருடையது என்பதில்தான் கதை இருக்கிறது. சின்ன வயதிலிருந்து மாஃபுயு நேசித்த யூகி என்ற பையனுடையது அது. இருவருக்கும் ஒரு நாள் சண்டை. கோபத்தில் மாஃபுயு, எனக்காகச் செத்துக் காட்டுவாயா என்று கேட்டுவிடுகிறான். யூகி செத்துப்போனான். அதற்குப் பிறகு மாஃபுயுவால் அழவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. அவனை ஒரு பாட்டுக் குழுவில் சேர்த்து, மேடையில் ஏற்றி, வாய் திறக்க வைக்கிற வரைக்கும் கதை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தில்தான் என் மருமகள் நாலாவது தடவையாக அழுதுகொண்டிருந்தாள்.

“இதுக்குப் பேரு ‘பாய்ஸ் லவ்’ மாமா. அதுல இது ‘ஆங்ஸ்ட்’ வகை.”

ஆங்ஸ்ட் என்றால்? “உள்ளுக்குள்ளயே குமைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. சொல்லவே மாட்டாங்க. நமக்கு நெஞ்சை அடைக்கும்.” இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது.

நம்மில் பலருக்குக் காமிக்ஸ் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியோடு முடிந்துவிட்டது. ஆண் பிள்ளைகள் வாங்கி, ஆண் பிள்ளைகள் மாற்றிக்கொண்டு, ஆண் பிள்ளைகளே அட்டை கிழித்த புத்தகங்கள் அவை. அக்காவுக்கு நான் தந்ததே இல்லை. அவள் ரமணிசந்திரனோடு இருந்தாள். இப்போது வந்திருப்பது வேறு சரக்கு. பெண்கள் வரைந்து, பெரும்பாலும் பெண்களே படிக்கிற, இரண்டு ஆண்களின் காதல் கதை. வலமிருந்து இடமாகப் பக்கம் திருப்பவேண்டும் என்பது முதல் சிக்கல். எனக்கு அது பழகுவதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

சென்னைப் பிள்ளைகளின் வேலையற்ற வேலை இது என்று யாரும் நினைக்கவேண்டாம். 2024 ஜனவரியில் கரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து எட்டாவது படிக்கும் மூன்று சிறுமிகள் கொரியப் பாட்டுக் குழு ஒன்றைப் பார்க்க வீட்டை விட்டுக் கிளம்பி, காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பலேறுவது அவர்கள் திட்டம். எல்லோரும் சிரித்தோம். எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

நானும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். மருமகள் கொடுத்த பட்டியலில் ஆரம்பித்து, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனேன். போன இடம் சுவாரஸ்யமானது.

1970. டோக்கியோவின் ஒயிசுமி பகுதியில் ஒரு சின்ன வீடு. அதில் இருபது, இருபத்தோரு வயதில் இரண்டு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மோட்டோ ஹகியோ, கெய்கோ தகெமியா. இருவருமே காமிக்ஸ் வரைகிறவர்கள். ஜப்பானில் சிறுமிகளுக்கான காமிக்ஸ் பத்திரிகைகள் நிறைய உண்டு, ஆனால் அதில் நிறைய ஆண்கள்தான் வரைந்துகொண்டிருந்தார்கள், ஆண்கள்தான் ஆசிரியர்கள். சிறுமிகளுக்கு இது போதும் என்று அவர்களே முடிவு செய்வார்கள். இந்த இரண்டு பெண்களுக்கும் அவர்களுடைய சிநேகிதி நோரியே மசுயாமா ஹெர்மன் ஹெஸ்ஸேயைப் படிக்கக் கொடுத்தார், ஐரோப்பிய விடுதிப் பள்ளிப் பையன்களின் உலகத்தைக் காட்டினார். அங்கேதான் விதை விழுந்தது.

ஹகியோ 1971-ல் ஒரு சின்னக் கதை வரைய உட்கார்ந்தார். பெண்கள் விடுதிப் பள்ளியில் நடப்பதாக ஒரு தடவை எழுதிப் பார்த்தார். சரியாக வரவில்லை. பையன்கள் பள்ளியாக மாற்றினார். கதை ஓட ஆரம்பித்துவிட்டது. ‘நவம்பர் ஜிம்னாசியம்’ என்று வந்தது. இந்தச் சின்ன மாற்றத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். ஏன் பெண்களை வைத்து வரவில்லை? ஒரு பெண் இன்னொருத்தியைப் பார்த்து ஏங்கினால், வாசிக்கிற பெண்ணுக்கு உடனே தன் ஞாபகம் வந்துவிடும். எப்படி உட்காரவேண்டும், எப்படிச் சிரிக்கவேண்டும், யார் பார்க்கிறார்கள், யார் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எல்லாம் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பையன் என்று வைத்துவிட்டால் அந்தச் சுமை கிடையாது. அவன் பாட்டுக்கு ஓடலாம், கத்தலாம், அழலாம்.

1974-ல் ஹகியோவின் ‘தாமஸின் இதயம்’ வாரத் தொடராக வந்தது. ஜெர்மனியில் ஒரு பள்ளி. முதல் பக்கங்களிலேயே, பனி உருகும் ஒரு காலையில், பதின்மூன்று வயது தாமஸ் ரயில் பாதைக்கு மேலிருக்கும் பாலத்திலிருந்து விழுந்து சாகிறான். யூலி என்ற மாணவனுக்கு அவன் எழுதிய காதல் கடிதம் பிறகு வந்து சேர்கிறது. சில நாளில் தாமஸின் அச்சாக ஒரு புதுப் பையன் பள்ளிக்கு வருகிறான். யூலியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரையும் நேசிக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று யூலி நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரிய மாணவர்கள் அவனுக்குச் செய்த கொடுமை. அதை அவன் வாயால் சொல்ல வைப்பதற்குக் கடைசி வரை போகவேண்டும். ஆரம்பத்தில் வாசகர் ஓட்டெடுப்பில் இந்தத் தொடர் கடைசி இடம். நிறுத்தச் சொன்னார்கள். அந்தச் சமயம் பார்த்து ஹகியோவின் இன்னொரு தொடரான ‘போ குலத்தின் கதை’ புத்தகமாக வந்து, மூன்று நாளில் 30,000 பிரதி தீர்ந்துபோனது. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கலையை எத்தனையோ தடவை காப்பாற்றியது விற்பனைக் கணக்குதான். தொடர் பிழைத்தது.

தகெமியா வேறு மாதிரி ஆள். அவருடைய ‘காற்றும் மரங்களும் பாடும் பாட்டு’ என்ற கதையைப் போட ஆசிரியர்கள் வருஷக்கணக்காக மறுத்தார்கள். இன்னொரு தொடரை வெற்றி பெற வைத்து, அந்தச் செல்வாக்கில் 1976-ல் ஆரம்பித்தார். 1984 வரை போயிற்று. சேர்ஜ், ஜில்பேர் என்ற இரண்டு பையன்கள், 19-ம் நூற்றாண்டு பிரான்ஸ். ஜில்பேரைக் குழந்தையிலிருந்தே பெரியவர்கள் சிதைத்திருக்கிறார்கள். சேர்ஜ் அவனைக் காப்பாற்ற நினைக்கிறான், முடியவில்லை. படிக்கக் கஷ்டமான புத்தகம். சில இடங்களில் கொடுமையை ரொம்ப அழகாக வரைந்துவிட்டாரோ என்று எனக்குச் சங்கடம். ஆனாலும் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி வெளியே யாரும் பேசாத காலத்தில், சிறுமிகள் படிக்கிற பத்திரிகையில் இதை ஒரு பெண் துணிந்து வைத்தார். அதே தகெமியா 2014-ல் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

அந்த இரண்டு சிநேகிதிகளும் 1973-லேயே பிரிந்துவிட்டார்கள் என்பது உபகதை. ஹகியோ வளர்ந்த வேகத்தைப் பார்த்துத் தான் பொறாமையில் வெந்ததை தகெமியா 2016-ல் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். ஹகியோ 2021-ல் தன் பக்கத்தை எழுதினார், இனி அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்ற தொனியில். ஐம்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். ஆங்ஸ்ட்!

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி மொட்டை மாடிக்குப் போனேன். “இவ்ளோ அழுகை எதுக்கும்மா? நம்ம ஊர்ல பையன் பொண்ணு காதல் கதைக்கா பஞ்சம்? அதைப் படிச்சு அழக்கூடாதா?”

கொஞ்சம் யோசித்தாள்.

“அதைப் படிச்சா அந்தப் பொண்ணு நான்தான்னு தோணும் மாமா. இவ எங்க போறா, யாரு பார்த்தாங்க, அவங்க வீட்ல தெரிஞ்சா என்ன ஆகும்னு பயமா இருக்கும். அவன் நம்ம ஆளா இல்லையான்னு வேற மனசு பார்க்கும். வேணாம்னாலும் பார்க்கும். இதுல நான் இல்லை. அதுல நான் இல்லை மாமா, அதான் நிம்மதியா அழ முடியுது.”

நான் இவ்வளவு படித்துக் கண்டுபிடித்ததை அவள் நாலு வரியில் சொல்லிவிட்டாள். நம் ஊரில் ஒரு பெண் பிறந்த அன்றே அவளைச் சுற்றி முறை நிற்கிறது. மாமன், மாமன் மகன், அத்தை மகன். என் தலைமுறை வரைக்கும் அக்கா மகளைத் தாய்மாமனுக்கே கட்டி வைப்பது இந்தப் பக்கத்தில் சர்வசாதாரணம். முப்பது வருஷம் முன்னால் என்றால் இந்த விசாரணைக் கமிஷனே மாப்பிள்ளையாக வந்து நின்றிருக்கும். பெண் சிசுவைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் போட்டு, 2001-ல் அதைத் தர்மபுரிக்கும் நீட்டிக்க வேண்டியிருந்த மண் இது. இங்கே ஒரு காதல் கதையில் பெண் வாசகி எப்போதும் பங்குதாரர். நஷ்டம் என்றால் அவள் பேரில்தான் எழுதுவார்கள். இரண்டு ஜப்பானியப் பையன்கள் கதையில் அவளுக்குப் பங்கு கிடையாது. அழுகை மட்டும் முழுசாக அவளுடையது.

ஒன்றை மட்டும் அவளிடம் திருத்தினேன். இந்தக் கதைகளில் சாதி இல்லை என்று நினைக்காதே. யூலியின் அப்பா கிரேக்கர், அம்மா ஜெர்மன். பேரனின் கறுப்பு முடியைப் பார்த்து ஜெர்மன் பாட்டிக்கு வெறுப்பு. சேர்ஜின் அப்பா பிரபு வம்சம், அம்மா நாடோடிகளான ரோமா இனம். கல்யாணம் பண்ணிக்கொண்டு ஓடிப்போனவர்களின் பிள்ளை அவன். தோல் நிறத்தைச் சொல்லிப் பள்ளியில் அவனை ஏளனம் செய்கிறார்கள். ஆரம்ப காலத்து இரண்டு பெரிய கதைகளிலுமே ரத்தக் கலப்பு பற்றிய வசவு இருக்கிறது. “அப்படின்னா அங்கயும் உண்டா?” என்றாள். அவள் முகம் கொஞ்சம் வாடியது. சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

வேஷம் மாற்றி அழுவது தமிழுக்குப் புதிதில்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார், திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். ஆணாக இருந்து கேட்க முடியாததைப் பெண் குரலில் கேட்டார்கள், ஏங்கினார்கள், வளை கழன்றது என்று புலம்பினார்கள். அதைப் பக்தி என்றோம், உரை எழுதினோம். இந்தப் பெண்கள் அதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பெண்ணாக இருந்து கேட்க முடியாததைப் பையன் குரலில் கேட்கிறார்கள். இரண்டு ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் உருகுவதும் புதிதில்லை. நேரில் பார்க்காமலே நட்பாகி, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து வந்து கூடவே உயிர் விட்ட பிசிராந்தையாரைப் பள்ளியில் படித்தோம். ‘தளபதி’யில் சூர்யாவும் தேவாவும் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையில் கால்வாசி அந்தப் படத்தில் கதாநாயகிக்குக் கிடைக்கவில்லை. 1991-ல் தியேட்டரில் அதற்கு அழுத ஆண்கள் யாரும் அதற்கு ஜப்பானியப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக எல்லாம் நல்ல சரக்கு என்று சொல்லமாட்டேன். நான் படித்தவற்றில் முக்கால்வாசி அச்சில் வார்த்த பண்டம். ஒருவன் உயரம், முரடு, பணக்காரன். இன்னொருவன் மெலிந்தவன், பெரிய கண், சீக்கிரம் அழுவான். ஜப்பானிய மொழியில் இவர்களுக்கு ‘செமே’, ‘உகே’ என்று பெயர். தாக்குபவன், ஏற்பவன். ‘வேண்டாம்’ என்கிறவனைத் துரத்தித் துரத்திப் பணிய வைப்பதைக் காதல் என்கிறார்கள். இதை நாம் தமிழ் சினிமாவில் கதாநாயகியை வைத்து ஐம்பது வருஷமாகப் பார்த்தாயிற்று. கதாநாயகியை எடுத்துவிட்டுப் பையனை நிற்க வைத்தால் மட்டும் அது அழகாகிவிடாது. பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் இல்லை, இருந்தால் வில்லி. வலிக்கும் குறைச்சல் இல்லை. நோய், விபத்து, தற்கொலை, சித்தப்பா என்று உப்பு காரம் மாதிரி அள்ளிப் போடுகிறார்கள். ‘கிவன்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதில் சாவு கதை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் இருப்பவன் எப்படிச் சாப்பிடுவான், தூங்குவான், பாடுவான் என்பதுதான்.

இன்னொரு கேள்வி கஷ்டமானது. 1992-ல் மசாகி சாட்டோ என்ற தன்பாலின ஈர்ப்பாளர் ஒரு பெண்ணியச் சிற்றிதழில் இந்தக் கதைகளைக் காட்டமாகத் திட்டி எழுதினார். எங்கள் வாழ்க்கையை எடுத்து நீங்கள் பொம்மை விளையாடுகிறீர்கள் என்பது அவர் கோபத்தின் சாரம். பெரிய விவாதமாயிற்று. பல வருஷம் ஓடியது.

பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவர், பெங்களூரில் வேலை பார்ப்பவர், என்னோடு அவ்வப்போது பேசுவார். தான் யார் என்பதை என்னிடம் சொல்லியிருக்கிறார், வீட்டில் சொன்னதில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று 377-ஐ உச்ச நீதிமன்றம் தளர்த்திய தீர்ப்பு வந்தபோது ஹாஸ்டல் பாத்ரூமில் போய் அழுதவர். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, ‘குணப்படுத்துகிறேன்’ என்று கிளம்பும் வைத்தியங்களுக்குத் தடை சொன்ன உத்தரவை வரி வரியாகப் படித்தவர். அவரிடம் கேட்டேன்.

“பொண்ணுங்க அழறது நல்லாத்தான் இருக்கு சார். ஆனா கதையில செத்தவனுக்குத்தான் அழறாங்க. பஸ்ல பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கிறவனைத் தெரியாது.” கொஞ்சம் விட்டுச் சொன்னார்: “நானும் படிக்கிறேன் சார். வேற என்ன இருக்கு எங்களுக்கு?”

இதை மருமகளிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, புளியைத் திருப்பிப் போட்டாள். ரொம்ப நேரம் கழித்து, “எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான் மாமா” என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை.

கீழே இறங்கினேன். அக்கா அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“பையன் யாருடா?”

“ரெண்டு பசங்க.”

“ஐயோ, ரெண்டா!”

“ரெண்டு பேரும் ஜப்பான்காரங்க. காமிக்ஸ் கதைக்கா.”

அக்காவுக்கு உயிர் வந்தது. இரண்டு பையன்களுக்குள் என்ன என்பதையும் மறைக்காமல் சொன்னேன். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. “என்னமோ. நம்ம ஊர்ப் பையன் இல்லையே” என்று களி கிண்டப் போய்விட்டாள். துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

“செத்துட்டானே ஒருத்தன், அவனைப் பெத்தவ கதையில வர்றாளா?”

“வர்றா. பையனோட கிட்டாரை அந்த இன்னொரு பையன் கையிலயே குடுத்துடறா.”

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். ஸ்டேஷன் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

“தெரிஞ்சே குடுத்தாளா?” என்றாள்.

அதை மாடிக்குப் போய் உன் பெண்ணையே கேள் என்றேன்.